குழந்தை எலும்பு சிகிச்சை கற்க எங்கே போய் உட்காரலாம்? மதுரையிலிருந்து ஒரு கணக்கு

எலும்பு மருத்துவ மேற்படிப்பான எம்.எஸ். ஆர்த்தோவோ டி.என்.பி.யோ முடித்துவிட்டு, குழந்தைகளுக்கான எலும்பு சிகிச்சையில் இறங்கலாம் என்று நினைக்கிற இளம் மருத்துவர்கள் மதுரைப் பக்கம் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறார்கள். நல்ல விஷயம். எல்லோரும் கேட்கிற கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: "சார், அப்சர்வர்ஷிப்புக்கு எங்கே போகலாம்? இந்தியாவில் பார்த்தால் போதுமா, வெளிநாடு போனால்தான் மதிப்பா?"

மதிப்பை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். அப்சர்வர்ஷிப் ஒரு பட்டமும் இல்லை, ஃபெலோஷிப்பும் இல்லை. பெரும்பாலான இடங்களில் நோயாளியைத் தொடவே விடமாட்டார்கள். முடிவில் தருகிற சான்றிதழைச் சட்டம் போட்டு கிளினிக்கில் மாட்டிக்கொள்ளலாம். கால் வளைந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உசிலம்பட்டியிலிருந்து வருகிற அம்மா அதைப் படிக்கப் போவதில்லை. கையால் செய்து பழக வேண்டும் என்பதுதான் உங்கள் தேவை என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே விட்டுவிட்டு, ஆறு மாதமோ ஒரு வருடமோ ஃபெலோஷிப் தேடுங்கள். அப்சர்வர்ஷிப் அந்த வேலையைச் செய்யாது. அது செய்கிற வேலை வேறு: நம்மைவிட நிறையப் பார்த்த ஒருவர் எப்படி முடிவெடுக்கிறார் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது.

அதனால் என் அளவுகோல் ஒன்றே ஒன்று. ஓ.பி.யில் உட்கார விடுகிற இடம் நல்ல இடம். ஆபரேஷன் தியேட்டரை மட்டும் காட்டுகிற இடம் எவ்வளவு பேர் பெற்றதாக இருந்தாலும் அதற்கு அடுத்ததுதான்.

ஏன் என்று சொல்கிறேன். பெரியவர்களின் எலும்பு முறிவில் பாதி வித்தை தியேட்டரில் இருக்கிறது. குழந்தைகளிடம், தியேட்டருக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதில்தான் பெரும்பாலான வித்தை. இரண்டு வயது வரை கால் வில்லாக வளைந்திருப்பதும், மூன்று நான்கு வயதில் முட்டிகள் உரசுவதும், ஏழு வயதுக்குள் அது தானாகச் சரியாவதும் இயல்பு. பாதத்தை உள்பக்கம் திருப்பி நடக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் எட்டு, பத்து வயதுக்குள் நேராகிவிடுவார்கள். வளைந்துகொடுக்கிற, வலி இல்லாத தட்டைப் பாதத்துக்குச் செருப்பும் வேண்டாம், சிகிச்சையும் வேண்டாம். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது, தேர்வில் எழுதியும் இருப்பீர்கள். ஆனால் குழந்தையை நாலு அடி நடக்கவிட்டு, இடுப்பை விரித்துப் பார்த்து, எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, "ஒன்றும் செய்ய வேண்டாம், ஆறு மாதம் கழித்துக் கூட்டிட்டு வாங்க" என்று ஒரு மூத்தவர் சொல்வதும், பெற்றோர் அதை நம்பி எழுந்து போவதும் புத்தகத்தில் வராது. அறுவை சிகிச்சை வீடியோவோ இன்று வீட்டிலேயே கிடைக்கிறது. நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். தியேட்டரில் நாலாவது ஆளாக நின்று முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்ப்பதைவிட அது எவ்வளவோ தெளிவு.

நம் ஓ.பி.யில் வருவது என்ன?

எங்கே போவது என்று பார்க்கும் முன் நம் ஊரில் என்ன வருகிறது என்று ஒரு தடவை எண்ணிப் பார்க்க வேண்டும். ராஜாஜி மருத்துவமனையாக இருந்தாலும், அண்ணா நகரிலோ கே.கே. நகரிலோ உள்ள தனியார் கிளினிக்காக இருந்தாலும், மதுரைக்கு வருகிற குழந்தைகள் விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம், தேனி, திண்டுக்கல் வரையிலான ஒரு பெரிய வட்டாரத்திலிருந்து வருகிறார்கள். பலர் தாமதமாக வருகிறார்கள். விழுந்து முழங்கை உடைந்த பிள்ளைக்கு முதலில் நாட்டுக்கட்டு, புத்தூர் கட்டு என்று மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டிவிட்டு, கை வீங்கி விரல் மரத்த பிறகு நம்மிடம் கொண்டுவருவது இன்னும் நின்றபாடில்லை. இறுக்கத்தால் ரத்த ஓட்டம் தடைபட்டு முன்கைத் தசை சுருங்கிப்போகும் வோக்மன் சுருக்கத்தை மேல்நாட்டு ரெசிடென்ட்களில் பலர் படத்தில் மட்டும்தான் பார்த்திருப்பார்கள். நாம் நேரில் பார்க்கிறோம்.

அதே மாதிரிதான் பிறவியிலேயே விலகிய இடுப்பு மூட்டு. ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்தால் பெரும்பாலும் இடுப்பை விரித்துப் பிடிக்கிற பாவ்லிக் வார்ப்பட்டை போதும். நம்மிடம் அது எப்போது வருகிறது? பிள்ளை நடக்க ஆரம்பித்து, நொண்டுகிறது என்று பாட்டி கவனித்துச் சொன்ன பிறகு. அப்போது மூட்டைத் திறந்து உள்ளே வைக்க வேண்டும், இடுப்பெலும்பை வெட்டித் திருப்ப வேண்டும், வயது இன்னும் கூடினால் தொடை எலும்பையும் குறைக்க வேண்டும். பச்சிளம் வயதில் இடுப்பு மூட்டில் சீழ் பிடித்து, தொடை எலும்பின் பந்தே கரைந்துபோன பிள்ளைகள், மூட்டுக் காசநோய், ரிக்கெட்ஸ், பெருமூளை வாதம். இவைதான் நம் பட்டியல்.

இந்தப் பட்டியலோடு ஒத்துப்போகிற இடமும் தேவை, ஒத்துப்போகாத இடமும் தேவை. ஒத்துப்போகிற இடத்தில் தாமதமாக வந்த குழந்தையை என்ன செய்வது என்று தெரிந்துகொள்ளலாம். ஒத்துப்போகாத இடத்தில், தாமதமே ஆகாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைப் பார்க்கலாம். முதலில் எது? எனக்குச் சந்தேகமே இல்லை, முதலாவதுதான்.

அருகில் உள்ளவை

வேலூர் சி.எம்.சி.தான் பெரும்பாலோர் மனதில் முதலில் வரும் பெயர். குழந்தைகள் எலும்பு சிகிச்சைக்கென்று தனி யூனிட் நெடுங்காலமாக இருக்கிற இடம். பெற்றோருக்குச் சொல்கிற விதம், பதிவேடு எழுதுகிற விதம், ஆராய்ச்சி, எல்லாவற்றிலும் ஒழுங்கு உண்டு. வெளி மருத்துவர்கள் பார்வையாளராக வருவதற்கு முறையான விண்ணப்ப வழியும் இருக்கிறது. ஒரு சுவாரஸ்யம்: தமிழ்நாட்டில்தானே இருக்கிறோம் என்று போனால் ஓ.பி.யில் பாதிப் பேச்சு இந்தியிலும் வங்காளத்திலும் நடக்கும். ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், வடகிழக்கு மாநிலங்கள் என்று எங்கிருந்தெல்லாமோ ரயிலேறி வந்து, லாட்ஜில் தங்கி, வாரக்கணக்கில் காத்திருக்கிற குடும்பங்கள். சிக்கலான, வேறு எங்கேயோ இரண்டு முறை அறுவை செய்து கைவிட்ட கேஸ்கள் குவிவதற்கு அதுதான் காரணம். ராணிப்பேட்டை வளாகம் வந்த பிறகு, உங்களுக்கு வேண்டிய ஓ.பி. எந்த வளாகத்தில் எந்த நாளில் நடக்கிறது என்று முன்னாலேயே கேட்டுவிட்டு அறை எடுங்கள்.

கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை வேறு ரகம். 1978இல் தொடங்கியது. எலும்பு முறிவு, முதுகுத்தண்டு, கை நுண் அறுவை ஆகிய மூன்றிலும் உலகத்திலிருந்து பார்வையாளர்கள் வந்து போகிற இடம் என்பதால் வெளியாளை எப்படி நடத்துவது என்று அங்குள்ளவர்களுக்குப் பழக்கம். குழந்தைகள் பக்கத்தில் அதன் பலம், எலும்பு டாக்டரும் பிளாஸ்டிக் சர்ஜனும் ஒரே கூரைக்குள் இருப்பது. பிரசவத்தில் தோள் நரம்பு இழுபட்டு கை தொங்கிப்போன குழந்தை, பிறவிக் கைக் கோளாறு, லாரி ஏறி எலும்பும் சதையும் ஒன்றாகப் போன கால் என்றால் இந்தக் கூட்டணியைப் பார்த்தே ஆக வேண்டும். அரசு மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு, காலைக் கூட்டத்தில் முந்தைய நாள் கேஸ்களைத் திரையில் போட்டு விவாதிக்கும் பழக்கம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தாலே போன காசு வந்துவிடும். ஓ.பி.யில் தமிழ் பேசுவார்கள். இது சின்ன விஷயம் இல்லை, பின்னால் சொல்கிறேன்.

மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியை பெர்த்தஸ் நோய்க்காகவே பரிந்துரைப்பேன். தொடை எலும்பின் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று அது உதிர்ந்து மறுபடி உருவாகிற இந்த நோய், கர்நாடகக் கடலோரத்தில் நிறையக் காணப்படுவதாக அங்கிருந்தே ஆய்வுகள் வந்தன. டாக்டர் பெஞ்சமின் ஜோசப்பும் அவருடைய குழுவும் வகுத்த நிலைகளை வைத்துத்தான் இன்று எந்தக் கட்டத்தில் பந்தைக் குழிக்குள் அடக்க வேண்டும், எந்தக் கட்டத்தைத் தாண்டினால் பயன் குறைவு என்று பேசுகிறோம். ஒரே நோயின் எல்லாக் கட்டங்களையும் பழைய எக்ஸ்ரே வரிசையோடு பார்க்க முடிகிற இடங்கள் உலகத்திலேயே அதிகம் இல்லை. குறை என்றால் மதுரையிலிருந்து பயணம் சுற்றுவழி. ஓ.பி.யில் கன்னடமும் துளுவும் ஓடும்.

மும்பை வாடியா குழந்தைகள் மருத்துவமனை 1929இல் இருந்து இருக்கிறது, நெரிசலான நகரத்தின் நெரிசலான ஓ.பி. இந்தியோ மராத்தியோ தெரிந்தால் போகலாம். சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அரசு மருத்துவர்களுக்கு எளிது. நம்மைப் போன்ற வரவு, நம்மைப் போன்ற பற்றாக்குறை. அதுவே அதன் பயன், அதுவே அதன் எல்லை.

கிட்டத்தில் இருப்பதில் ஒரு லாபம் உண்டு, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. குழந்தை எலும்பில் காலம்தான் மருந்து. எலும்பு வளர்கிற இடமான வளர்தட்டின் ஒரு பக்கத்தில் இரண்டு திருகாணியும் ஒரு குட்டித் தகடும் வைத்து, மறுபக்கம் வளர வளர முட்டி தானாக நேராவதைப் பார்க்க ஒரு வருடம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். தொடர்ந்து ஒரு மாதம் உட்கார்ந்தால் தகடு வைப்பதை மட்டும் பார்ப்பீர்கள். அதே ஒரு மாதத்தை நான்கு வாரங்களாக உடைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் வந்தால் அதே பிள்ளை திரும்பி வருவதைப் பார்க்கலாம். மனதில் வைத்திருந்த கணிப்பு சரியா தப்பா என்று தெரிந்துவிடும். ஆரப்பாளையத்தில் கோவை பஸ் ஏறுகிறவருக்கு இது சாத்தியம். டல்லாஸ் போகிறவருக்கு இல்லை. கைக்குழந்தை வைத்திருக்கிற பெண் மருத்துவர்களும், தனியாக கிளினிக் நடத்துகிறவர்களும் இப்படிப் பிரித்துப் போவதற்கு அனுமதி கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்டால் தருகிற இடங்கள் உண்டு. நாமாகக் கேட்காவிட்டால் யாரும் சொல்லமாட்டார்கள்.

வளைபாதம் தனிக்கதை

பிறவி வளைபாதம் ஆயிரம் பிறப்பில் ஒன்று, இரண்டு என்ற அளவில் வருவது. அதனால் குழந்தைகள் பக்கம் போகிற எவரும் பொன்செட்டி முறையைப் பழகாமல் தப்ப முடியாது. இக்னேஷியோ பொன்செட்டி ஸ்பெயினின் மெனோர்காத் தீவில் 1914இல் பிறந்து, அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் வாழ்நாளைக் கழித்தவர். 2009இல் இறந்தார். 1940களின் கடைசியிலேயே தொடங்கிய அவருடைய முறையை உலகம் ஏற்றுக்கொள்ள ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனது. அதுவரை மற்றவர்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

வாரம் ஒரு மாவுக்கட்டு, தொடை வரை. வழக்கமாக ஐந்தாறு கட்டு. பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாரில் ஒரு சிறு வெட்டு, மூன்று வாரத்துக்குக் கடைசிக் கட்டு. அப்புறம் மூன்று மாதத்துக்கு நாளில் 23 மணி நேரம் காலணியோடு சேர்ந்த பிரேஸ், அதன் பிறகு நாலு வயது வரையாவது தூங்கும்போது மட்டும். சொன்னால் இவ்வளவுதான். எங்கே தவறுகிறது என்றால் கட்டைவிரலில். கணுக்காலின் தாலஸ் எலும்பின் தலையை வெளிப்பக்கத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு முன்பாதத்தை விரிக்க வேண்டும். விரல் கொஞ்சம் முன்னால் நகர்ந்து குதிகால் எலும்பும் அதற்கு முன்னால் உள்ள க்யூபாய்டு எலும்பும் சேருமிடத்தில் அழுத்தினால், திரும்ப வேண்டிய குதிகால் எலும்பு அப்படியே நின்றுவிடும். கைட் என்பவரின் பழைய முறையில் இருந்த பிழை இதுதான் என்று பொன்செட்டியே சுட்டிக்காட்டினார். முதல் கட்டில் முன்பாதத்தைக் கீழே அழுத்தாமல் பெருவிரல் பக்கத்தை மேலே தூக்கிப் பிடிப்பதும் அப்படித்தான், பார்த்தால் தலைகீழாகத் தோன்றும்.

இதைப் பார்த்து மட்டும் கற்க முடியாது. விரலுக்குத் தெரிய வேண்டும். ஆகவே வளைபாதத்துக்காக அயோவா போவது புனித யாத்திரையாக இருக்கலாம், ஆனால் வாரத்துக்கு ஒருநாள் வரிசையாக மாவுக்கட்டு போடுகிற இந்திய கிளினிக்கில், அங்கே இருப்பவரின் அனுமதியோடும் பெற்றோரின் சம்மதத்தோடும் நீங்கள் காலைப் பிடித்துக்கொள்ள அவர் கட்டு போடுகிற ஒரு காலைப்பொழுது அதைவிட உதவும். வரவு அதிகமுள்ள கிளினிக்கில் இன்னொரு வசதி: முதல் கட்டு, மூன்றாவது கட்டு, வெட்டு, பிரேஸ், திரும்ப வளைந்து வந்த கால், எல்லாம் ஒரே நாளில் வெவ்வேறு பிள்ளைகளாக வந்து நிற்கும். வரவு குறைந்த இடத்தில் அதைப் பார்க்க ஆறு வாரம் உட்கார வேண்டும்.

பிரேஸ் செய்கிற பட்டறையிலும் ஒரு நாள் கழியுங்கள். கால் திரும்ப வளைவதற்கு முதல் காரணம் பிரேஸைக் கழற்றிப் போடுவது. கழற்றிப் போடுவதற்கு ஒரு காரணம் அது பொருந்தாமல் கடிப்பது. உகாண்டாவில் உள்ளூர்ப் பொருளை வைத்து உருவான ஸ்டீன்பீக் பிரேஸ் மாதிரி, நம் ஊர் ஷூ தைப்பவரும் வெல்டிங் கடைக்காரரும் சேர்ந்து செய்ய முடிகிற ஒன்றை அளவோடு வரைந்துகொண்டு வந்தால், அது எத்தனையோ சான்றிதழுக்குச் சமம்.

கடல் தாண்டினால்

வெளிநாடு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்கிறேன். "குழந்தைகள் எலும்பு சிகிச்சை பார்க்கப் போகிறேன்" என்பது கேள்வி இல்லை.

பெருமூளை வாதத்தை எடுத்துக்கொள்வோம். அந்தக் குழந்தைகளுக்கு இடுப்பு மெல்ல மெல்ல, வலியே இல்லாமல் விலகும். எக்ஸ்ரேயில் பந்தின் 30 சதவீதத்துக்கு மேல் குழிக்கு வெளியே வந்துவிட்டால் ஆபத்துக் கட்டம். தெற்கு சுவீடனில் 1994இல் சி.பி.யு.பி. என்ற கண்காணிப்புத் திட்டம் தொடங்கினார்கள். எல்லாக் குழந்தைகளையும் பதிவு செய்து, முறையாக எக்ஸ்ரே எடுத்து, விலகத் தொடங்கும்போதே பிடித்ததில், முழுதாக விலகிய இடுப்பு அங்கே அரிதாகிவிட்டது. மெல்போர்ன் ராயல் சில்ட்ரன்ஸ் மருத்துவமனையில் நடையை அளக்கும் ஆய்வகமும், பல இடத்துத் திருத்தங்களை ஒரே அறுவையில் முடிக்கிற முறையும் பார்க்கத் தகுந்தவை. இந்த மாதிரி இடத்துக்குப் போய் அறுவை சிகிச்சை மட்டும் பார்த்துத் திரும்பினால் வீண். பார்க்க வேண்டியது பதிவேட்டை, யார் எந்தத் தேதியில் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதை, பிசியோதெரபிஸ்ட் எவ்வளவு முடிவை எடுக்கிறார் என்பதை.

மதுரைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கும், 1992இல் வந்த அதன் பயிற்சி நிறுவனமான லைகோவுக்கும் உலகம் முழுவதிலுமிருந்து மருத்துவர்களும் நிர்வாகிகளும் வருகிறார்கள். வருகிறவர்கள் கண்புரை அறுவையை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில்லை. முகாமில் நோயாளி எப்படிப் பஸ் ஏறுகிறார், செவிலியர் எதையெல்லாம் செய்து முடித்துவிட்டு டாக்டரிடம் அனுப்புகிறார், மேசைக்கும் மேசைக்கும் நடுவில் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று குறிப்பெடுக்கிறார்கள். அண்ணா நகரில் அவர்கள் செய்வதை நாம் அங்கே போய்ச் செய்ய வேண்டும்.

பிரிட்டனை இடுப்பு மூட்டுக்காகச் சொல்வேன். பிறந்த 72 மணி நேரத்துக்குள் ஒருமுறை, ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒருமுறை என்று ஒவ்வொரு குழந்தையின் இடுப்பையும் பரிசோதிக்கிற நாடு. வயிற்றில் தலை மேலாகக் கிடந்த குழந்தைக்கும், குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் அந்தக் குழந்தைக்கும் அல்ட்ராசவுண்ட். ஆஸ்திரியா இன்னும் ஒரு படி மேலே போய் 1992இலிருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் கிராஃப் முறையில் ஸ்கேன் செய்கிறது. நம்மிடம் 2013இல் தொடங்கிய, குழந்தைகளைப் பரிசோதிக்கிற அரசுத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் பட்டியலில் வளைபாதமும் இடுப்பு விலகலும் பெயரோடு இருக்கின்றன. மாவட்ட மையமும் உண்டு. பட்டியலில் இருப்பதற்கும் கண்டுபிடிக்கப்படுவதற்கும் நடுவில் என்ன வேண்டும் என்பதை ஒரு பிரிட்டிஷ் இடுப்பு கிளினிக்கில் இரண்டு வாரம் உட்கார்ந்தால் தெரிந்துகொள்ளலாம். சம்பளமில்லாத, நோயாளியைத் தொடாத பார்வையாளராக அங்கே போகச் சாதாரண வருகையாளர் விசாவே போதும். கையால் செய்ய வேண்டும் என்றால் பிரிட்டிஷ் மருத்துவக் கவுன்சிலான ஜி.எம்.சி.யில் பதிவு, வெளிநாட்டு மருத்துவர்களுக்கான எம்.டி.ஐ. பயிற்சித் திட்டம் என்று அது வேறு பாதை.

அமெரிக்காவில் டல்லாஸ் ஸ்காட்டிஷ் ரைட் மருத்துவமனை, 1921இல் இருந்து குழந்தைகளின் எலும்புக்காகவே நடக்கிற இடம். குடும்பத்தின் பணவசதியைப் பார்க்காமல் சிகிச்சை தருவது அதன் மரபு. பாஸ்டன், சான் டியேகோ, ஷ்ரைனர்ஸ் குழுமத்து மருத்துவமனைகள், கனடாவில் டொரண்டோவின் சிக்கிட்ஸ் என்று பட்டியல் நீளும். டொரண்டோவில்தான் ராபர்ட் சால்டர் நாம் இன்றும் செய்கிற இடுப்பெலும்புத் திருத்தத்தை உருவாக்கினார். இந்த இடங்களின் உண்மையான சொத்து அறுவைக்கு முந்தைய விவாதக் கூட்டம். ஒரு குழந்தையின் படத்தைப் போட்டு ஏழெட்டுப் பேர் ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசுவதை, சீஃப் சொன்னதை ஜூனியர் "எனக்கு உடன்பாடில்லை" என்று சொல்வதை, நம் பி.ஜி.க்கள் நேரில் பார்க்க வேண்டும். இதற்காகவே டிக்கெட் போடலாம்.

ஆனால் தொடக்கூடாது என்றால் தொடக்கூடாதுதான். படம் எடுக்கக்கூடாது. சில இடங்களில் கட்டணமும் உண்டு. தடுப்பூசிச் சான்றுகளில் நம் ஆட்கள் மாட்டுவது காசநோய்ப் பரிசோதனையில்: பி.சி.ஜி. போட்டு, காசநோய் வார்டில் வேலை பார்த்து வளர்ந்த நமக்கு மான்டூ தோல் பரிசோதனையில் வீங்கத்தான் செய்யும். ரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் முன்னாலேயே எடுத்து வைத்துவிட்டால் கடைசி நேரத்தில் அலைய வேண்டாம். சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா நேர்காணல் தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடலாம், ஆகையால் அழைப்புக் கடிதம் வந்த அன்றே வேலையைத் தொடங்குங்கள். அரசுப் பணியில் இருப்பவர்களுக்குத் துறையின் தடையில்லாச் சான்றும் விடுப்பும் அதற்கு முன்னால். இந்தக் கோப்பு நகர்கிற வேகம் உங்களுக்கே தெரியும்.

சிங்கப்பூர் கே.கே. மருத்துவமனையை நடுவழி என்று சொல்லலாம். திருச்சியிலிருந்து நேரடி விமானம், தமிழ் காதில் விழும் ஊர், மேல்நாட்டு ஒழுங்கு. செலவுதான் இடிக்கும். கொரியாவில் கால் நீட்டிப்பும் உறுப்புத் திருத்தமும் நிறையச் செய்கிறார்கள். ரஷ்யாவின் குர்கான், எலும்பை வெளியிலிருந்து பிடித்து நீட்டவும் நேராக்கவும் டாக்டர் இலிசரோவ் உருவாக்கிய வளையம் பிறந்த ஊர். ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய உயரம் தாண்டுதல் வீரர் ப்ருமெலின் காலை இலிசரோவ் சரிசெய்த கதையை நம் ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லுவார்கள். இன்றைய நிலையில் பணம் அனுப்புவது முதல் விமானம் வரை எல்லாம் சிக்கல். வளையம் மாட்டுவதைக் கற்க அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவையும் இப்போது இல்லை, இந்தியாவிலேயே நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மொழி விஷயத்தைப் பின்னால் சொல்கிறேன் என்றேன். ஓ.பி.தான் முக்கியம் என்றால், ஓ.பி.யில் பேசுவது புரிய வேண்டும். கொரியாவிலோ ரஷ்யாவிலோ டாக்டர் உங்களுக்கு ஆங்கிலத்தில் சுருக்கம் சொல்வார். பெற்றோர் என்ன கேட்டார்கள், எந்த வார்த்தையில் தயங்கினார்கள் என்பது போய்விடும். டல்லாஸிலேயே பல குடும்பங்களோடு ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் பேச்சு. கோவையில், "ஒரு தடவை ஆபரேஷன் பண்ணிட்டா சரியாயிரும்ல சார்?" என்று அம்மா கேட்பதும், "இல்லம்மா, வளர வளர இன்னொரு தடவை தேவைப்படலாம்" என்று டாக்டர் சொல்கிற பக்குவமும் நேராகக் காதில் விழும். அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்து வந்து திங்கட்கிழமை நம் ஓ.பி.யில் பயன்படுத்தலாம்.

யாருக்கு எது

பி.ஜி. முடித்து ஓரிரு வருடம் ஆனவருக்கு: கோவை அல்லது வேலூர், ஒரு மாதம் அல்லது பிரித்துப் பிரித்து. கைவசம் பெர்த்தஸ் பிள்ளைகள் இருந்தால் மணிப்பால் இரண்டு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டைப் பற்றி அப்போது யோசிக்கவே வேண்டாம், கேள்வியே இன்னும் உருவாகியிருக்காது. நான்கைந்து வருடம் குழந்தைகளைப் பார்த்து, உங்கள் அறுவைகளில் எது திருப்தியாக வரவில்லை என்று தெரிந்துவிட்டவருக்கு வெளிநாடு பலன் தரும். அப்போது நான்கு வாரத்துக்கு மேல் தேவையும் இல்லை. சொந்த கிளினிக் வைத்து, குழந்தைகள் பாதி பெரியவர்கள் பாதி என்று ஓட்டுகிறவர்களுக்கு வளைபாத கிளினிக்கும் முழங்கை முறிவும்தான் அன்றாடம். கை சிவப்பாக, சூடாக இருக்கிறது, நாடி மட்டும் கிடைக்கவில்லை என்கிற முழங்கை முறிவில் எப்போது காத்திருப்பது, எப்போது ரத்தக்குழாயைத் திறப்பது என்பதை, இரவுப் பணியில் நிறைய முறிவு வருகிற மருத்துவமனையில் பார்த்துக்கொண்டால் போதும்.

பணத்துக்கு வழி இருக்கிறது. இந்தியக் குழந்தைகள் எலும்பு மருத்துவர் சங்கமான போசி, இந்திய எலும்பு மருத்துவச் சங்கம், சர்வதேச எலும்பு மருத்துவச் சங்கமான சிகோட், எலும்பு முறிவு சிகிச்சைக்கான ஏ.ஓ. அறக்கட்டளை ஆகியவை ஃபெலோஷிப்களும் பயண உதவியும் அறிவிக்கின்றன. வட அமெரிக்கச் சங்கமான போஸ்னா, வசதி குறைந்த பகுதிகளில் வேலை செய்கிறவர்கள் தன் கூட்டங்களுக்கு வர உதவித்தொகை தருகிறது. கூட்டத்துக்குப் போகிற அந்தப் பயணத்திலேயே பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் இரண்டு வாரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். போசியின் ஆண்டு மாநாட்டுக்கு ஒரு தடவை போய் வருவதும் நல்லது. கடிதம் எழுதுவதைவிட, உங்கள் கேஸ் ஒன்றை அங்கே வாசித்துவிட்டு, டீ இடைவேளையில் நேரில் கேட்பது சீக்கிரம் பலிக்கும்.

கடிதம் எழுதினால் பாராட்டுரையைக் குறையுங்கள். உங்கள் ஓ.பி.யில் வாரத்துக்கு என்ன மாதிரிக் குழந்தைகள் வருகிறார்கள், எதில் தடுமாறுகிறீர்கள் என்று நாலு வரி போதும். கூடவே நேராகக் கேளுங்கள்: ஓ.பி.யில் உட்காரலாமா, வாரத்தில் எத்தனை நாள்? விவாதக் கூட்டத்துக்கு அனுமதி உண்டா? பழைய நோயாளிகளின் எக்ஸ்ரே வரிசையைப் பார்க்கலாமா? நான் வருகிற வாரங்களில் சீஃப் ஊரில் இருப்பாரா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். ஐரோப்பாவில் ஜூலை, ஆகஸ்டில் பாதி யூனிட் விடுமுறையில் இருக்கும். நம் பக்கம் ஏப்ரல், மே பள்ளி விடுமுறையில் மரத்திலிருந்தும் மாடியிலிருந்தும் விழுந்த முழங்கைகள் வரிசையில் நிற்கும், உங்கள் யூனிட்டும் உங்களை விடாது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் விடுப்பு கேட்டால் கிடைப்பது கொஞ்சம் எளிது. தீபாவளி வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அந்த வாரம் போகிற ஊரிலும் ஓ.பி. காலியாகத்தான் இருக்கும்.